எலிவேஷனுக்குப் பொருத்தமாக ஒரு பாத்தி

ரசனை இல்லாதவனால் ஊருக்குப் பெரிய கெடுதல் ஒன்றும் வந்துவிடாது. கடைக்காரர் கொடுத்த பெயிண்டை அடிப்பான், கொத்தனார் பதித்த கல்லை ஏற்றுக்கொள்வான், சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவான். தனக்கு ரசனை இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பவன்தான் ஆபத்தானவன். அவனை வீடு கட்ட விடவே கூடாது. என்னை விட்டார்கள்.

அந்த நினைப்பு எனக்கு வந்ததற்குத் தொழில் ஒரு காரணம். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் பிளெக்ஸ் பேனர் டிசைன் செய்யும் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான் பிறக்கும். வருகிறவர்கள் போட்டோவைக் கொடுத்துவிட்டு, "உங்க இஷ்டத்துக்கு எடுப்பாப் போட்டு விடுங்கண்ணே" என்று சொல்லிப் பிரியாணி சாப்பிடப் போய்விடுவார்கள். பல வருஷமாக யாரும் என்னை ஒரு கேள்வியும் கேட்காததால், கலர் விஷயத்தில் இந்த ஜில்லாவிலேயே எனக்கு மேல் ஆள் கிடையாது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அதிலும் கறுப்புப் பின்னணியில் தங்க நிற எழுத்து என்றால் எனக்கு உயிர். (இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.)

கொரோனா ஓய்ந்த பிறகு ஊருக்கு மேற்கே பிளாட் போட்ட இடத்தில் வீடு கட்டினோம். அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் கிளிப்பச்சை, ஆரஞ்சு, கத்தரிப்பூ என்று மிட்டாய்க் கடை மாதிரி இருக்க, எங்கள் வீட்டுக்கு மட்டும் நான் சாம்பலும் வெள்ளையும் தேர்ந்தெடுத்தேன். போர்ட்டிகோ தூண்களில் கறுப்பு கிரானைட். எலிவேஷன் என்கிற முகப்பு வேலை முடிந்த அன்று என் மனைவி ஸ்டெல்லா ரோட்டில் நின்று ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தாள். மழை வரப்போகிற மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். திண்டுக்கல்லில் மழை வரும் மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் வேறெப்படி எடுத்துக்கொள்வதாம்?

இந்த வீட்டைக் கட்டியதே முக்கியமாக ஒரு ஆளுக்காக. ஸ்டெல்லாவின் அப்பா, என் மாமனார், சவரிமுத்து. டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு கன்னிவாடியில் தனியாக இருந்தார். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகியும் அவர் பேச்சு பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. கல்யாண வீட்டில் யாராவது வழியை மறித்து நின்றால், "உள்ள போங்க, உள்ள போங்க, பின்னாடி பூரா காலியாக் கெடக்கு" என்பார். வீட்டுக்குள் அவருக்கென்று கீழ்த்தளத்தில் ஓர் அறை, அதை ஒட்டியே குளியலறை, வழுக்காத டைல்ஸ், பிடித்துக்கொள்ளக் கம்பி என்று எல்லாம் ஸ்டெல்லாவே நின்று செய்ய வைத்தாள்.

ஆனால் அவர் வர மறுத்தார். அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. "பொண்ணக் குடுத்த வீட்டுல பகல்ல போயி ஒரு வாய் சாப்பிட்டு வரலாம். பாயப் போட்டுப் படுக்கக் கூடாது" என்பார். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட எங்கள் வாடகை வீட்டில் அவர் ராத்தங்கியதில்லை. மழை கொட்டினாலும் கடைசி பஸ்ஸில் ஏறிவிடுவார்.

வீட்டு வேலை முடிகிற சமயத்தில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததால் பிழைத்தார். பள்ளிக்கூட டீச்சரான ஸ்டெல்லா விடுப்புப் போட்டுவிட்டு கன்னிவாடிக்குப் போய் அவரைப் பார்த்துக்கொண்டாள். கஞ்சியோடு சேர்த்துத் தினமும் கெஞ்சலையும் ஊட்டினாள். கடைசியில் மனுஷன் பாதி இறங்கி வந்தார். சர்ச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி வீடு மந்திரிக்கிற அன்றைக்கு வருவதாகவும், வந்து பார்த்துவிட்டுச் சொல்வதாகவும் வாக்குக் கொடுத்தார்.

ஸ்டெல்லா உடனே எனக்குப் போன் செய்தாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கல்யாணப் பந்தலில்கூடக் கேட்டதில்லை.

"ஏங்க, வந்து பாத்துட்டுச் சொல்றேன்னுருக்காரு. உள்ள நுழைஞ்சதும் அவருக்குப் பிடிச்சிரணும். நீங்க வேற எதுவும் செய்ய வேண்டாம். போர்ட்டிகோ பக்கத்துல அவரு ஜன்னலுக்கு நேரா சின்னதா ஒரு பாத்தி கட்டி, செங்கலச் சாய்ச்சு நட்டு, சுண்ணாம்பு அடிச்சு விடுங்க. எங்க வீட்டுல இருக்கிற மாதிரி. போதும்."

கன்னிவாடி வீட்டு வாசலில் மாமா தன் கையாலேயே செங்கற்களைப் பல் பல்லாகச் சாய்த்து நட்டு, உள்ளே நாலு செம்பருத்தி வைத்திருந்தார். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அதற்கு வெள்ளை அடிப்பார். ஸ்டெல்லா சொன்னபடி செய்திருந்தால் ஒரு காலைப் பொழுதில் முடிந்திருக்கும் வேலை. இந்தக் கட்டுரைக்கும் அவசியம் இருந்திருக்காது.

ஆனால் சாய்ந்த செங்கலா? என் எலிவேஷனுக்கா? பள்ளிக்கூடத்திலும் போலீஸ் ஸ்டேஷனிலும் இருக்கிற பார்டரைக் கொண்டுவந்து என் சாம்பல் வெள்ளை வீட்டின் முன் வைப்பதா? பார்க்கிறவர்கள் மனு எழுதிக்கொண்டு உள்ளே வந்துவிட மாட்டார்களா?

எனவே ஆராய்ச்சியில் இறங்கினேன். நர்சரியில் பச்சை பிளாஸ்டிக் வேலி காட்டினார்கள். முயல் வளர்க்கிற வீடு மாதிரி இருக்கும் என்று விட்டேன். நண்பர் ஒருவர் காலி பாட்டில்களைக் கவிழ்த்து நடச் சொன்னார், வேண்டிய பாட்டில் தானே தருவதாகவும் சொன்னார். சாமியார் வருகிற வீட்டுக்கு அது சரிப்படாது. கடப்பாக் கல்லைப் பார்த்தால் சமையல் மேடை ஞாபகம் வந்தது. கடைசியில் செல்போனில் ஒரு வீடியோ கிடைத்தது. அதில் ஒருவர், வீட்டின் முகப்பில் எந்தக் கல் இருக்கிறதோ அதே கல்லைப் பாத்தியின் ஓரத்துக்கும் கொண்டு வந்தால் வீடும் தோட்டமும் ஒன்றோடொன்று பேசும் என்றார். பெயர்ப் பலகையைச் சுவரில் மாட்டுவது பழைய பாணி, அதைப் பாத்தியிலேயே நிற்க வைப்பதுதான் இப்போதைய பாணி என்றும் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

பெயர்ப் பலகை என்றதும் இன்னொரு யோசனையும் உதித்தது. மாமாவுக்கு இருக்கிற ஒரே தடை, இது மருமகன் வீடு என்பதுதானே. வீட்டுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டால்? 'சவரிமுத்து இல்லம்'. தன் பெயர் போட்ட வீட்டில் படுக்க எவருக்காவது கூச்சம் வருமா? இந்த யோசனை மட்டும் நல்ல யோசனைதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அதை எங்கே, எப்படி நட்டேன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பைபாஸ் ஓரத்தில் ஒரு கிரானைட் கடைக்குப் போனேன். போர்ட்டிகோவுக்கும் மதிலுக்கும் நடுவில் கிடைத்த இடத்தை அளந்து எடுத்துக்கொண்டுதான் போனேன். கடைக்காரர் டிவியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். என்ன அளவில் வேண்டும் என்று கேட்டார்.

"ஆறுக்கு மூணு. நாலு பக்கமும் கறுப்புக் கல்லு. ஒரு ஓரத்துல மட்டும் நட்டமா ஒரு கல்லு நிக்கணும். அதுல தங்கக் கலர்ல பேரு" என்றேன்.

அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"யாருக்குண்ணே?"

"மாமனாருக்கு. ஞாயித்துக்கிழமை சாமியார் வர்றாரு, ஜெபம், சாப்பாடு எல்லாம் இருக்கு. அதுக்குள்ள வேணும்."

"பெரியவருக்கு வயசு?"

"எழுபத்தாறு. தங்கமான மனுஷன். இனிமேலாச்சும் நிம்மதியா இருக்கணும்னுதான் இவ்வளவும்."

அவர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். எனக்கு டீ வந்தது. நான் கேட்காமலே விலையைக் குறைத்தார். இந்தக் காலத்தில் மாமனாருக்கு இப்படிச் செய்கிற மருமகனைத் தான் பார்த்ததே இல்லை என்றார். நல்ல ரசனைக்கு ஊரில் இன்னும் மரியாதை இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டு டீயைக் குடித்தேன்.

பெயர்க் கல்லை நானே டிசைன் செய்தேன். நடுவில் பெயர், கீழே வீடு கட்டின வருஷம், சுற்றிலும் மெல்லிய கொடி. எழுத்து எதைப் போடலாம் என்று அதிகம் யோசிக்கவில்லை. கை தானாக ஒரு எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தது. கண்ணீர் அஞ்சலிக்கு நான் வழக்கமாகப் போடுவது அது. (பழகின கை, அது என்ன செய்யும் பாவம்.) கல் வந்து இறங்கியபோது பெயருக்கு மேலே அழகாக ஒரு சிலுவையும் இருந்தது. நான் சொல்லவில்லை. பெயரைப் பார்த்துக் கடைக்காரரே போட்டிருந்தார். கிறிஸ்தவ வீடுதானே, பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று மகிழ்ந்தேன்.

கல் பதிக்க வந்தவர் வேலை முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு பாத்தியைப் பார்த்துக் கும்பிட்டுப் போனார். தொழில்பக்தி என்று நினைத்தேன்.

தண்ணீர் தேங்காமல் இருக்க வீடியோக்காரர் சொன்னபடி மண்ணை நடுவில் மேடாகக் குவித்தேன். ஓரத்தில் வெள்ளைக் கூழாங்கல். மேட்டின் மேல் நெருக்கமாகச் செண்டுமல்லி. மாலை வெயிலில் அந்தக் கறுப்புக் கல் பளபளக்க, தங்க எழுத்து மின்ன, நான் ரோட்டில் நின்று பார்த்தேன். என் கண்ணே கலங்கிவிட்டது. இன்றைக்கு யோசித்தால் அந்தப் பாத்தியைப் பார்த்த எல்லோரும் கண் கலங்கத்தான் செய்தார்கள். காரணம்தான் ஆளுக்கு ஆள் வேறு.

கேட்பீர்கள், உனக்குத் தெரியவில்லையா என்று. வருஷந்தோறும் கல்லறைத் திருநாளுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவன் நான். அதே அளவு, அதே கல், அதே பூ. சத்தியமாகத் தெரியவில்லை. நான் எலிவேஷனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்லாவுக்குப் போட்டோ அனுப்பவில்லை. நேரில் பார்த்து அசந்து போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்தது மாமியாரின் தங்கை, எனக்குச் சின்னத்தை. எரியோட்டிலிருந்து அதிகாலை பஸ் பிடித்து வந்திருந்தார். நான் பின்பக்கம் பிரியாணி அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் ஒரு சத்தம் கேட்டது. முதலில் மைக் செட்டைச் சோதிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் நாங்கள் மைக் செட்டே சொல்லவில்லை என்பது ஞாபகம் வந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தால், சின்னத்தை பாத்தியின் முன் தரையில் உட்கார்ந்து தலையில் முக்காடு போட்டுக்கொண்டு மார்பில் அடித்து அழுதுகொண்டிருந்தார். மந்திரிப்புக்கென்று வாங்கி வந்திருந்த மெழுகுவர்த்திகளில் இரண்டு கறுப்புக் கல்லின் மேல் எரிந்துகொண்டிருந்தன. நேற்று ராத்திரிகூடப் போனில் பேசினாரே, கொஞ்சம் முறுக்கு சுட்டுக் கொண்டு வா என்றாரே, முறுக்கு வந்துவிட்டது, நீங்கள் எங்கே போய்விட்டீர்கள் என்று ராகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். நேற்றுப் பேசிய ஆளைப் புதைத்து, கல் நட்டு, பூ வளர்வதற்கு ஒரு ராத்திரி போதுமா என்று அவர் யோசிக்கவில்லை. அந்தப் பாத்தியைப் பார்த்தவுடன் யோசனை வருவதில்லை, அழுகைதான் வருகிறது. அப்படி ஒரு டிசைன்.

நான் அவரைத் தேற்றுவதற்குள் கேட் திறந்தது. வாடகைக் கார் வந்து நின்றிருந்தது. ஸ்டெல்லா இறங்கினாள். பின்னாலேயே மாமா இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஒரு கையில் துணிப்பை. இன்னொரு கையில் ஒரு தலையணை.

நேராக வந்து சின்னத்தைக்குப் பின்னால் நின்றார். சிலுவையைப் பார்த்தார். தன் பெயரைப் படித்தார். கீழே வருஷத்தைப் படித்தார். செண்டுமல்லியைப் பார்த்தார். சின்னத்தை இதை எதையும் அறியாமல் அடுத்த வரிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

மாமா செத்த நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இன்னும் ரெண்டு வரி பாடு கொழுந்தியா. நல்லாத்தான் இருக்கு."

சின்னத்தை திரும்பிப் பார்த்து அப்படியே கூழாங்கல்லில் சாய்ந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் தெளித்து எழுப்புகிற கலவரத்தில் நான் ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்காமல் தப்பிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவள் பாத்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பாத்தியைப் பார்த்தாள்.

மாமாதான் பேசினார். "அளவு எப்ப எடுத்தீக மாப்ள?"

நான் வீடியோ, எலிவேஷன், கல் பேசுவது என்று ஏதேதோ உளறினேன். வீட்டுக்கு உங்கள் பெயர் வைத்திருக்கிறேன் மாமா, இது வீட்டுப் பெயர்ப் பலகை என்றேன். அவர் தலையாட்டினார்.

"அது புரியுது. வருஷத்தயும் போட்டுட்டீகளே, அதான். நான் இன்னும் ரெண்டு கிறிஸ்துமஸ் பாக்கலாம்னு இருந்தேன்."

சாமியார் வந்தார். புதிதாக எங்கள் பங்குக் கோயிலுக்கு வந்திருந்த இளைஞர். ஜெபம் சொல்லி அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துவிட்டு வாசலுக்கு வந்தவர், பாத்தியைப் பார்த்ததும் கையைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். புத்தகத்தில் வேறு பக்கத்தைத் தேடுகிற மாதிரி எனக்குத் தோன்றியது. என்னைத் தனியே அழைத்து, வீட்டு வளாகத்தில் அடக்கம் செய்வதற்கு யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று ரகசியமாகக் கேட்டார். பக்கத்தில் நின்ற மாமாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"நீங்க தண்ணியத் தெளிங்க சாமி" என்றார் அவர். "ஆள் இன்னும் ஏறல. மாப்ள ரிசர்வேஷன் மட்டும் பண்ணிருக்காரு."

வந்திருந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. சாமியாரும் சிரித்தார். முக்காட்டுக்குள் சின்னத்தையும் சிரித்தார். நானும் சிரித்தேன், கண்டம் தாண்டிவிட்டோம் என்று. இத்தனை பேரையும் சிரிக்க வைத்துவிட்டு அவர் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறார் என்பதும், டிக்கெட் எடுக்காதவனிடம்கூடச் சிரித்துப் பேசியே இறக்கிவிடுகிற கண்டக்டர் அவர் என்பதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அவரை அவர் அறைக்கு அழைத்துப் போனேன். புதுக் கட்டில், புது விரிப்பு. தலையணையைக் கட்டிலில் வைத்து உட்கார்ந்தார். கம்பியைப் பிடித்துப் பார்த்தார், டைல்ஸைக் காலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு காற்று வரட்டும் என்று நானே போய், பெருமையாக ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

காலையில் கண் விழித்ததும் பூ தெரியட்டும் என்றுதான் அந்தப் பாத்தியை அங்கே அமைக்கச் சொல்லியிருந்தாள் ஸ்டெல்லா. ஜன்னலுக்கு வெளியே கையெட்டுகிற தூரத்தில் கறுப்புக் கல், மேட்டு மண், அணைந்துபோன இரண்டு மெழுகுவர்த்தி. கட்டிலும் பாத்தியும் ஒரே நீளம், ஒரே அகலம், ஒன்றுக்கொன்று இணையாக. நடுவில் ஒரு சுவர் மட்டும்.

அவர் பார்த்தார். நானும் அவர் பக்கம் நின்று முதன்முறையாகப் பார்த்தேன். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை பார்த்ததெல்லாம் எலிவேஷன்.

"கடைசி பஸ்ஸு இப்பவும் அதே நேரம்தானா மாப்ள?" என்று கேட்டார்.

நான் கடப்பாரையைத் தேடி ஓடினேன். இப்போதே பெயர்த்துவிடுகிறேன் மாமா, அரை மணி நேரம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். ஸ்டெல்லா அவர் பையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் அவள் கையை மெல்ல எடுத்துவிட்டார்.

"ஆசையாச் செஞ்சிருக்காரு, உடைக்காதீக. தப்பா ஒண்ணும் இல்ல. ஆனா நான் இப்பத்தான் ஆஸ்பத்திரியில அதப் பக்கத்துல பாத்துட்டு வந்திருக்கேன். மறுபடி தெனமும் அதுலயே முழிக்கணும்னா எப்பிடி?"

அவர் குரல் அன்று முதல் தடவையாகக் கொஞ்சம் இறங்கியது. உடனே சரி செய்துகொண்டு, ஊரில் கோழி அடைக்கணும், செம்பருத்திக்குத் தண்ணீர் விடணும் என்று காரணம் அடுக்கினார். பஸ் ஸ்டாப் வரை நான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். தலையணை அறையிலேயே கிடந்தது. எடுத்து வரவா என்று கேட்டேன். இருக்கட்டும், அடுத்த தடவை வரும்போது வேணுமில்ல என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அந்தத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பகல் சாப்பாட்டுக்கு வர்றவங்க தலையாணி கொண்டு வருவாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அதுதான் இன்றுவரை எனக்கு ஆறாத விஷயம். வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாயால் சொன்ன மனுஷன், தங்குவது என்று முடிவு செய்துதான் வந்திருக்கிறார். எத்தனையோ வருஷத்துச் சட்டத்தைக் கையில் ஒரு இலவம்பஞ்சுத் தலையணையோடு உடைக்க வந்தவரை, வாசலில் அவர் பெயர் போட்ட கல்லறை ஒன்றை நட்டு நான் திருப்பி அனுப்பினேன்.

மறுநாள் காலையிலேயே கல்லைப் பெயர்த்து மோட்டார் ரூமில் சாய்த்து வைத்தேன். அடுத்த மாதம் மாமா ஒரு நாள் பகலில் வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செங்கல்லைச் சாய்த்து நட்டார். எனக்கு ஒரு ஓரத்தைக் கொடுத்தார். நான் நட்டது மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி கோணலாக வந்தது. "கலர் வேலைக்காரருக்கு மண் வேலை வராது" என்று சிரித்துக்கொண்டே பிடுங்கி மறுபடி நட்டார். சுண்ணாம்பு அடித்து முடித்தோம். சாம்பல் வீட்டுக்கு முன்னால் அந்த வெள்ளைப் பல் வரிசை, சொன்னால் வெட்கம், நன்றாகவே பொருந்தியது. மழை மேகம் சிரிக்கிற மாதிரி இருந்தது.

இப்போது பாத்தி சரியாகிவிட்டதே, தங்குங்கள் என்றோம். சிரித்தார். அடுத்த தடவை என்றார். சாயங்காலம் பஸ் ஏறினார். அதன் பிறகு எத்தனையோ தடவை வந்தார். எல்லாம் பகலில்தான். சட்டத்தை ஒரு தடவை உடைக்கத் துணிகிறவர், இரண்டாவது தடவையும் துணிவார் என்று எதிர்பார்ப்பது பேராசை. ஒருமுறை மோட்டார் ரூமில் கல்லைப் பார்த்துவிட்டு என்னிடம், "வித்துராதீக மாப்ள, சைஸ் சரியாத்தான் இருக்கு" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அவர் கேட்ட இரண்டு கிறிஸ்துமஸுக்கு மேல் ஒன்று கூடுதலாகவே பார்த்தார். ஒரு நாள் காலையில் பால்காரர் கதவைத் தட்டி, திறக்கவில்லை என்று எங்களுக்குப் போன் செய்தார். தூக்கத்திலேயே போயிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. நம் வீட்டில் இருந்திருந்தால் ஒரு டம்ளர் தண்ணீராவது கொடுத்திருப்பேன் என்றாள் ஸ்டெல்லா.

கல்லறை கட்டுகிற பேச்சு வந்தபோது, மோட்டார் ரூமில் இருப்பதையே வைக்கலாம் என்று ஸ்டெல்லாதான் சொன்னாள். அப்பாவே சைஸ் பார்த்ததுதானே என்றாள். வருஷத்தை மட்டும் மாற்ற வேண்டும். பெயர்க் கல்லை எடுத்துக்கொண்டு அதே கிரானைட் கடைக்குப் போனேன். கடைக்காரர் கல்லைத் திருப்பிப் பார்த்தார், தன் கைவேலை என்று கண்டுகொண்டார்.

"இவருக்குத்தான் ஏற்கெனவே செஞ்சு குடுத்தமே. என்னண்ணே கோளாறு?"

"இப்பத்தான் இறந்தாரு" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்தத் தடவை டீ வரவில்லை. கீழே இருந்த வருஷத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, சரியான தேதியைப் பொறித்துத் தந்தார். 'இல்லம்' என்பதையும் அழித்துவிடவா என்று கேட்டார். ஸ்டெல்லாவிடம் போனில் கேட்டேன். அது இருக்கட்டும் என்றாள்.

அதனால் கன்னிவாடிக் கல்லறைத் தோட்டத்தில் வீட்டுப் பெயர் போட்ட கல்லறை ஒன்று இருக்கிறது. கறுப்புக் கல், தங்க எழுத்து, நடுவில் மேடு, மேலே செண்டுமல்லி. அங்கே அது கச்சிதமாகப் பொருந்துகிறது. நான் தேர்ந்தெடுத்ததிலேயே இடத்துக்குப் பொருத்தமாக அமைந்தது அது ஒன்றுதான் என்று சின்னத்தை வருஷா வருஷம் சொல்வார். வீட்டில் நான் திரைச்சீலை, சட்டை, சோப்பு டப்பா என்று எதைத் தேர்ந்தெடுக்கப் போனாலும் யாராவது ஒருவர், "ஆறுக்கு மூணா?" என்று கேட்காமல் விடுவதில்லை.

போன கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தோம். பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த ஒரு அம்மா எங்கள் கல்லை இரண்டு தடவை படித்துவிட்டு, அதென்ன 'இல்லம்' என்று போட்டிருக்கிறீர்கள் என்று ஸ்டெல்லாவிடம் கேட்டார். நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். ஸ்டெல்லா காற்றுக்கு அணையாமல் சுடரைக் கையால் மறைத்தபடியே சொன்னாள்.

"அப்பாவுக்கு மருமகன் கட்டிக் குடுத்த வீடும்மா. இங்க மட்டும்தான் ராத்தங்குறாரு."